நெருப்பு வெட்டிய குகை, வேர் போடும் சோறு

கொழும்பில் வீடு கட்ட அத்திவாரம் வெட்டினால் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே செங்கபில நிறக் கபுக் கல் தட்டுப்படும். அதற்கும் கீழே இருப்பது நைஸ் என்று பள்ளிக்கூடத்தில் படித்த, வரி வரியான உருமாறிய பாறை. அந்தப் பாறைதான் மழையிலும் வெயிலிலும் உக்கி உக்கிக் கபுக் ஆனது. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லைத் தவிர்த்தால், இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இந்த மாதிரி உருமாறிய பாறைதான். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கூடிய ஆழத்தில் வெந்து நசுங்கி உருவானவை இவை. மேலே இருந்த மலைகள் எல்லாம் அரிபட்டுப் போன பிறகு வெளியே தெரிகின்றன.

அதனால் லாவாக் குகை, அதாவது எரிமலைக் குழம்பு ஓடி உண்டாக்கும் குகை, பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு "இங்கே எங்காவது அப்படி ஒன்று இருக்கா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒரே சொல்: இல்லை. உடனே அடுத்த கேள்வி வரும். "அப்போ கன்னியா வெந்நீர்க் கிணறு?" திருகோணமலையில் ஏழு கிணறுகளிலும் தண்ணீர் சுடுகிறதே, கீழே எரிமலை இல்லாமலா? கன்னியாவானாலும் மகா ஓயாவானாலும் நடப்பது ஒன்றுதான். மழைநீர் பாறை விரிசல்கள் வழியே வெகு ஆழம் இறங்கி, அங்கே பூமிக்கு இயல்பாக உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வருகிறது. அதற்கு உருகிய பாறை எதுவும் தேவையில்லை.

ஆனால் நம் அக்கம்பக்கம் அவ்வளவு குளிர்ந்த இடமும் அல்ல. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியாவின் தக்காணத்தை எரிமலைக் குழம்பு மூடியது. அந்தக் குழம்பை மேலே தள்ளிய அடிச்சூடு அதே இடத்தில் நிற்க, இந்தியாவைச் சுமக்கும் பூமி ஓட்டின் துண்டான இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்தது. அந்தச் சூட்டின் தடத்தில் புள்ளி புள்ளியாகத் தீவுகள் முளைத்தன. மாலைதீவின் பவளத்துக்கு அடியில் ஆழத்தில் கிடப்பது அந்த வழியில் வந்த எரிமலைப் பாறை. பிறகு மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். ரீயூனியனில் உள்ள பித்தோன் டி லா ஃபூர்னேஸ் என்ற எரிமலை இன்றும் அடிக்கடி பொங்குகிறது. அங்கே 2004-இல், அதாவது நம் கரையை ஆழிப்பேரலை அடித்த அதே ஆண்டில், ஓடிய குழம்புக்குள் உண்டான குழாய்களுக்குள் இப்போது வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இருபது சொச்ச வயதுக் குகை! சுண்ணாம்புக் குகை ஒன்று ஆள் நுழையும் அளவுக்குக் கரைய ஆயிரக்கணக்கில், பல வேளை இலட்சக்கணக்கில் ஆண்டுகள் வேண்டும். லாவாக் குகைக்கு ஒரு எரிமலைப் பொங்கல் போதும். சில வாரங்களில், சில மாதங்களில் வேலை முடிந்துவிடும்.

அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். எல்லா எரிமலையும் குகை செய்யாது. மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் அதிகமான பிசுபிசுத்த குழம்பு வாயிலேயே அடைத்துக்கொண்டு வெடிக்கும். பசால்ட் என்ற கரும்பாறையாக உறையும் குழம்பில் சிலிக்கா ஏறக்குறைய பாதிதான். அது இளகியது, ஓடக்கூடியது. வெளியே வரும்போது சூடு 1,150 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அதிலும் வழவழப்பாக, கயிறு கயிறாகச் சுருண்டு உறைகிற வகை ஒன்று உண்டு. ஹவாய்க்காரர்கள் அதை பாஹொய்ஹொய் என்பார்கள். குழாய் உண்டாவது பெரும்பாலும் அதில்தான்.

மென்மையான சரிவில் இந்தக் குழம்பு ஓடும்போது, காற்றுப் படும் மேற்பரப்பு முதலில் உறையும், ஆறும் பாலில் ஆடை படிகிற மாதிரி. குழம்பு ஒரு வாய்க்காலாக ஓடினால் இரு கரைகளிலிருந்தும் அந்த ஓடு வளர்ந்து நடுவில் சந்திக்கும். மிதந்து வரும் துண்டுகளும் இடையில் சிக்கி ஒட்டிக்கொள்ளும். கூரை தயார். இன்னொரு விதமும் உண்டு. தட்டையான நிலத்தில் குழம்பு நாக்கு நாக்காகப் பரவி, ஒவ்வொரு நாக்கின் மேலும் ஓடு கட்டும். பின்னால் வரும் குழம்பு அந்த ஓட்டை உள்ளிருந்தே மேலே தூக்கி ஊதிப் பெருக்கும். கடைசியில் எந்த நாக்கின் வழியே ஓட்டம் எளிதோ, அதுவே குழாயாக நிலைக்கும்.

கூரை போட்டபின் கதையே வேறு. உறைந்த பாறை சூட்டை எளிதில் வெளியே விடாது. குழாய்க்குள் ஓடும் குழம்பு ஒரு கிலோமீட்டர் ஓடியும் 1 பாகை அளவுக்குக்கூட ஆறுவதில்லை என்று ஹவாயின் கிலவேயா எரிமலையில் அளந்திருக்கிறார்கள். திறந்த வெளியில் ஓடியிருந்தால் வழியிலேயே உறைந்து நின்றிருக்கும் குழம்பு, குழாய் வழியே கடல் வரை போய்விடும். கிலவேயாவின் கிழக்குப் பக்கத்தில் 1983-இல் தொடங்கிய பொங்கல் 2018 வரை நீடித்தது. அதன் நடுவே, 1990-இல், கலபானா என்ற கரையோர ஊர் மூடுண்டது. குழம்பின் வாய் இருந்தது கிலோமீட்டர் கணக்கில் தள்ளி, மேட்டில். குழாய்தான் நெருப்பை ஊர் வாசலுக்குக் கொண்டு வந்து சேர்த்தது. எரிமலை வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்து ஆபத்தைக் கணக்கிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓடும் குழம்பு சும்மா ஓடிவிட்டுப் போவதில்லை. தரையை உருக்கியும் அரித்தும் பள்ளம் பறிக்கும். சில இடங்களில் நீர்வீழ்ச்சி மாதிரி விழுந்து பின்னோக்கியும் தின்னும். கிலவேயாவின் சரிவில் உள்ள கசுமுரா குகையில் உறைந்துபோன லாவா வீழ்ச்சிகள் பல உண்டு. ஏறத்தாழ 500, 600 ஆண்டுகளுக்கு முன் ஓடிய குழம்பு செய்த குகை அது. கிளைகளையும் சேர்த்து அளந்த நீளம் 65 கிலோமீட்டருக்கு மேல். உலகில் அளக்கப்பட்ட லாவாக் குகைகளில் மிக நீளமானது. கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் அளுத்கமையைத் தாண்டும் தூரம். மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் உயர வித்தியாசம் 1,100 மீட்டர், சிவனொளிபாத மலையின் உயரத்தில் பாதி.

கடைசியில் எரிமலை ஓய்ந்து வரத்து நின்றால் மிச்சக் குழம்பு வடிந்து போய்விடும், வெற்றுக் குழாய் மிஞ்சும். வடிந்த விதம் சுவரில் அப்படியே எழுதப்பட்டிருக்கும். இடுப்பு உயரத்தில் ஒரு திண்ணை ஓடினால், குழம்பு அந்த மட்டத்தில் கொஞ்சக் காலம் நின்றிருக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே மெல்லிய கிடைக்கோடுகள் இருந்தால், படிப்படியாக இறங்கியிருக்கிறது. கூரையில் விரல் நீளச் சொட்டுகள் கூராகத் தொங்கும். தண்ணீரோ சுண்ணாம்போ செய்த விழுதல்ல அது, உருகிய கல்லே சொட்டச் சொட்ட உறைந்தது. கிட்டே டார்ச் அடித்தால் சில சுவர்களில் கண்ணாடிப் பூச்சு மாதிரி மினுங்கும். தொட்டுப் பார்க்க ஆசை வரும், தொடக்கூடாது. ஒடிந்த சொட்டு திரும்ப வளர மறுபடி ஒரு எரிமலை பொங்க வேண்டும்.

தென்கொரியாவின் ஜேஜு தீவில் உள்ள மஞ்சாங்குல் குகை இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும். நீளம் சுமார் 7.4 கிலோமீட்டர், மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி ஒரு கிலோமீட்டர் அளவு. மேல்தளக் குழாயின் தரை உடைந்து குழம்பு கீழ்த்தளத்துக்கு ஊற்றி, ஊற்றியபடியே உறைந்த தூண் ஒன்று உள்ளே நிற்கிறது, உயரம் 7.6 மீட்டர். குழம்பில் மிதந்து வந்து தரைதட்டிய பாறையொன்றை ஆமைக் கல் என்கிறார்கள். இந்தக் குகைத் தொகுதியை யுனெஸ்கோ 2007-இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. ஆனால் எனக்கு அதே தொகுதியைச் சேர்ந்த யோங்சியோன் குகைதான் பெரிய வியப்பு. 2005-இல் கம்பம் நடக் குழி தோண்டியபோது தற்செயலாகக் கிடைத்தது. உள்ளே கருங்கறுப்புச் சுவரில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு விழுதுகள். எரிமலைப் பாறைக்குள் சுண்ணாம்பு எப்படி வந்தது? குகைக்கு மேலே கடற்கரை மணல் மேடு. அந்த மணலில் பெரும்பங்கு சிப்பித் தூள். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கூரை விரிசல் வழியே இறங்கியிருக்கிறது. மேலிருந்து விழுதுகளோடு மர வேர்களும் தொங்குகின்றன.

இந்த வேர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லாவாக் குகையின் உயிர்களைப் புரிந்துகொள்ள அவைதான் நூல்பிடி.

முதலில் வாசல் பக்கம் வருவோம். கூரை இடிந்து விழுந்த இடமே பெரும்பாலும் வாசல். அந்தப் பள்ளத்தில் ஈரமும் நிழலும் தங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள உண்டாராவில், 1,90,000 ஆண்டுகளுக்கு முன் ஓடிய குழம்பின் குழாய்கள் இடிந்த பள்ளங்களில் மட்டும் பச்சைக் காடு நிற்கிறது. சுற்றிலும் காய்ந்த புல்வெளி. அங்குள்ள ஒரு குகை வாசலில் வௌவால்கள் அந்தியில் கூட்டமாக வெளியே பறக்கும் நேரம் பார்த்துப் பாம்புகள் தொங்கிக்கொண்டு கவ்விப் பிடிக்கும். சவூதியின் கைபர் பக்கம் உம் ஜிர்சான் என்ற லாவாக் குகை உண்டு, நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர். நம் ஆட்கள் எத்தனையோ பேர் வேலைக்குப் போய் வந்த நாடு. அவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. உள்ளே இலட்சக்கணக்கான எலும்புகள். ஒட்டகம், குதிரை, ஆடு, சில மனித மண்டையோட்டுத் துண்டுகளும்கூட. வரிக் கழுதைப்புலிகள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளாக இழுத்து வந்து சேர்த்தவை என்று 2021-இல் வெளியான ஆய்வு சொன்னது. வறண்ட குகை என்பதால் எலும்பு உக்காமல் கிடந்திருக்கிறது.

மொரீஷியஸின் லாவாக் குகைகளில் உழவாரன் குருவிகள் கூடு கட்டுகின்றன. இருட்டில் டிக் டிக் என்று ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் பறவை அது. வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது, இதன் ஒலி எட்டும். இதற்கு மிக நெருங்கிய உறவான இந்திய உழவாரன் நம் மலைநாட்டுக் குகைகளிலும், பாவனையில் இல்லாத ரயில் சுரங்கப் பாதையிலும் கூடு கட்டும். மொரீஷியஸ் குருவிக்கு இப்போது பெரிய தொல்லை மனிதர்தான். குகைக்குள் புகுந்து கலைப்பதும், கூடு எடுப்பதும், குகையையே குப்பைக் கிடங்கு ஆக்குவதும்.

குருவியும் வௌவாலும் கழுதைப்புலியும் வெளியே உண்டு உள்ளே தங்குபவை. அப்புறம், உள்ளேயே பிறந்து உள்ளேயே சாகும் உயிர்கள்? ஹவாயில் அப்படி எதுவும் இருக்காது என்றே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கண்ணில்லாத, நிறமில்லாத குகைப் பூச்சிகள் ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற பழைய கண்டங்களின் சுண்ணாம்புக் குகைகளுக்கே உரியவை, பனியுகக் குளிருக்கு ஒளிந்து உள்ளே போனவை என்பது அன்றைய எண்ணம். ஹவாய்த் தீவோ வெப்பமண்டலத்தில் இருப்பது. பெரிய தீவின் வெளித்தெரியும் பாறை எதுவும் 10 இலட்சம் ஆண்டு பழையதுகூட இல்லை. 1971-இல் பிரான்சிஸ் ஹோவர்த் என்ற பூச்சியியலாளர் அங்குள்ள லாவாக் குகைகளுக்குள் போய்ப் பார்த்தார். ஒன்றல்ல, பல இனங்கள் இருந்தன.

அவை எதைத் தின்கின்றன என்பதுதான் முக்கியமான கேள்வி. வெயில் இல்லை, செடி இல்லை, மண்கூட இல்லை. விடை கூரையில் தொங்குகிறது. புதிய லாவாவின் மேல் முதலில் வேர் பிடிக்கும் மரங்களில் ஒன்று ஓஹியா. நம் நாவலும் ஜம்புவும் சேர்ந்த குடும்பம். பாறைமேல் தண்ணீர் நிற்காது, விரிசல் வழியே ஓடிவிடும். தண்ணீரைத் தேடி வேரும் விரிசலில் இறங்கி, குகைக் கூரையைத் துளைத்துத் திரைச்சீலையாகத் தொங்கும். அந்த வேரில் சாறு உறிஞ்சி வாழ்கிறது ஒரு தத்திப் பூச்சி. நெல்லை எரித்துவிடும் கபில நிறத் தத்திக்குத் தூரத்து உறவு. குகைத் தத்தி வெளிறிப்போனது, பறக்க முடியாதது, கண்ணும் இல்லாதது. இருட்டில் துணை தேட அது வேரையே அதிர வைக்கும். ஒன்று வேரில் உட்கார்ந்து உடலை அசைத்து அதிர்வு அனுப்ப, வேரின் மறுபக்கம் இருப்பது காலால் அதை உணர்ந்து பதில் அனுப்பும். இதில் அழகு, குகைக்குக் குகை அந்த அதிர்வுப் பாட்டு மாறுபடுகிறது. பார்வைக்கு ஒரே பூச்சி, பாட்டு வேறு. ஒன்று பலவாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

கவாய் என்ற இன்னொரு ஹவாய்த் தீவின் சிலந்தி இதைவிட விசித்திரம். ஓநாய்ச் சிலந்திக் குடும்பம் பெரிய கண்களுக்குப் பேர்போனது. பார்த்து, துரத்தி, பிடிக்கும் வேட்டைக்காரர்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த இந்தச் சிலந்திக்குக் கண் என்பதே கிடையாது. கால் மயிரால் அதிர்வையும் வாசனையையும் பிடித்து, வேரையும் உக்கிய இலையையும் தின்னும் இறால் குடும்பத்துச் சிறு பிராணி ஒன்றை வேட்டையாடுகிறது. வெளியே உள்ள உறவுகள் நூற்றுக்கணக்கில் முட்டையிட, இது இடுவது 15 முதல் 30 வரைதான். சோறு குறைந்த வீட்டில் பிள்ளை குறைவு. உலகிலேயே இது இருப்பது கொலோவா என்ற ஊரைச் சுற்றிய சில சதுர கிலோமீட்டரில் மட்டும். மேலே ஹோட்டல்களும் கோல்ஃப் மைதானங்களும் வந்துவிட்டன. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அதை அழியும் அபாயத்தில் உள்ள உயிராகப் பட்டியலிட்டது.

இங்கேதான் பலரும் தவறவிடும் விஷயம் இருக்கிறது. குகையைக் காப்பது என்றால் வாசலுக்குக் கம்பிக் கதவு போடுவது என்று நினைக்கிறோம். உண்மையில் அந்தச் சிலந்தியின் சோற்றுப்பானை கூரைக்கு மேலே இருக்கிறது. மேலே மரத்தை வெட்டினால் வேர் சாகும், வேர் செத்தால் இறால் பிராணி போகும், அது போனால் சிலந்தி எதைத் தின்னும்? ஹவாயில் 2010-களிலிருந்து ஓஹியா மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் பரவுகிறது. குகைக்குள் ஒரு மனிதன்கூடக் கால் வைக்காமலே குகை பட்டினியாகலாம்.

சரி, குகையே சில ஆயிரம் ஆண்டில் இடிந்துவிடும் என்றால் இந்த உயிர்கள் எப்படி இலட்சக்கணக்கில் ஆண்டுகள் தாக்குப்பிடித்தன? ஹோவர்த் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. இவற்றின் உண்மையான வீடு ஆள் நுழையும் குகை அல்ல. லாவா ஆறும்போது வெடித்து உண்டான, விரல் நுழையும் அளவான எண்ணற்ற விரிசல்களே வீடு. ஒரு எரிமலை ஓட்டத்திலிருந்து அடுத்த ஓட்டத்துக்கு விரிசல் வழியே மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கின்றன. பழைய குழாய் மண் நிறைந்து மூடும்போது, பக்கத்துப் புதிய குழாயில் வேர் இறங்கியிருக்கும். நாம் நடக்கும் குகை அவற்றின் வீட்டில் நமக்குத் திறந்திருக்கும் ஒரு ஜன்னல், அவ்வளவுதான்.

அந்த விரிசல்களின் காற்றும் நமக்கு ஆகாது. உண்டாராவில் பேலிஸ் என்ற குகையின் ஆழத்தில் கரியமில வாயு 6 சதவீதம் வரை போகிறது. வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம். மனிதனுக்கு மூச்சு முட்டி, தலை வலித்து, மயக்கம் வரும் அளவு. ஆனால் குகையோடு ஒட்டிய பூச்சிகள் கூட்டமாக இருப்பது அந்தக் கெட்ட காற்றில்தான், ஈரம் குறையாதது அங்கேதான் என்பதால். லாவாக் குகைக்குப் போகிறவர்கள் தலைக்கவசமும் இரண்டு டார்ச்சும் எடுப்பது சரி; தலை கனத்தால் வீரம் காட்டாமல் திரும்பி நடப்பதும் அதே அளவு முக்கியம்.

கடல் புகுந்த லாவாக் குகையும் உண்டு. ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவில், கொரோனா எரிமலையின் குழாய் கடலுக்கு அடியிலும் ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு போகிறது. கரைப்பக்கம் கூரை இடிந்த இடத்தில் ஒரு உப்புக் குளம். அதன் கறுப்புத் தரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு உயிர், சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் இடைப்பட்ட உருவம், கண் தெரியாதது. இதன் உறவுக்காரர்கள் பெரும்பாலும் ஆழ்கடலில் வாழ்கிறார்கள். நம்மூர்க் கோயில் கேணியில் காசு போடுகிற பழக்கம் அங்கே வருகிறவர்களுக்கும் உண்டு. காசு உப்புநீரில் அரித்து, கரையும் உலோகம் இந்த உயிர்களைக் கொல்கிறது என்பதால் காசு போடாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிலவிலும் லாவாக் குழாய்கள் உண்டு. ஜப்பானின் ககுயா விண்கலம் 2009-இல் அங்கே ஆழ்குழி ஒன்றைக் காட்டியது. அமைதிக் கடல் பகுதிக் குழியொன்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் குகை போவதற்கான ராடார் ஆதாரம் 2024-இல் வெளியானது. கதிர்வீச்சிலிருந்து ஒதுங்க மனிதனுக்கு நல்ல இடம் என்கிறார்கள். அங்கே கூரையில் வேர் தொங்காது, சோற்றைக் கொண்டுதான் போக வேண்டும்.

நம் தீவின் குகைகள் வேறு சாதி. பாறைத் தொங்கலுக்குக் கீழ் உள்ள ஒதுக்கிடங்கள் ஒரு வகை. பாஹியங்கலையில் பழைய மனித எச்சங்கள் கிடைத்தது அப்படி ஓரிடத்தில். இரத்தினபுரி மாவட்டத்தின் வவுல்பனை மாதிரி சுண்ணாம்புக் குகைகள் இன்னொரு வகை. வவுல்பனையில் வேர் செய்யும் வேலையை வௌவால் எச்சம் செய்கிறது. காட்டிலும் தோட்டத்திலும் பிடித்த பூச்சிகளை வௌவால்கள் எச்சமாக உள்ளே கொட்ட, அதன்மேல் கரப்பானும் வண்டும் புழுவும் பிழைக்கின்றன. அந்த வௌவால்கள் இன்னின்ன இனம் என்று ஆய்வாளர்கள் ஓரளவு நன்றாகவே பதிவு செய்திருக்கிறார்கள். தரையில் ஊர்பவை பற்றியும், சுவர் விரிசல்களில் இருப்பவை பற்றியும் அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், அங்கே இருக்கிறது.